கைவேலையும் சான்றும்: வீட்டில் சிறுவர்க்கு வரலாறு கற்பித்தல்

தஞ்சைப் பெரிய கோயிலைத் தெர்மாகோலில் செய்து வரச் சொல்வது நம் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். பிள்ளைக்குத் தந்த வேலையைத் தாயும் தகப்பனும் இரவு வெகுநேரம் உட்கார்ந்து முடிக்கிறார்கள். விமானம் தளம் தளமாக ஒட்டப்படுகிறது. சந்தன நிறம் பூசப்படுகிறது. காலையில் நசுங்காமல் பள்ளிக்குப் போய்ச் சேர்கிறது. பெற்றோரின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வேலையால் பிள்ளை வரலாற்றில் எதைக் கற்றது என்று கேட்டால் விடை சொல்வது கடினம். 1010இல் பணி நிறைவுற்ற அந்தக் கோயில் ஆய்வாளர்களுக்கு அரிய கருவூலமாக இருப்பதற்கு அதன் உயரத்தைவிடச் சுவர்களே காரணம். கோயில் பணிக்கென்று பல ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்கள், தஞ்சையில் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியமர்த்தப்பட்டார்கள் என்பது வரை அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. தெர்மாகோல் கோயிலின் சுவரில் எழுத்தே கிடையாது.

வீட்டில் கைவேலை வழியாக வரலாறு கற்பிப்பதை இக்கட்டுரை முழுமனத்தோடு ஆதரிக்கிறது. பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் கல்வி தரும் குடும்பங்களுக்கும், பள்ளி விட்டு வந்த பிள்ளையோடு மாலையில் ஒரு மணி நேரம் செலவிட முடிந்த குடும்பங்களுக்கும் இது ஒருசேரப் பொருந்தும். ஆனால் எந்தக் கைவேலை என்பதில்தான் கருத்து வேறுபாடு. முடிந்துபோன ஒன்றின் உருவத்தைச் சிறிதாக்கிச் செய்வது சிற்ப வேலை. அது நல்ல வேலைதான், அதற்கு ஓவிய வகுப்பு இருக்கிறது. வரலாற்றுக்கான கைவேலை என்றால் பிள்ளையின் கை ஏதேனும் ஒரு சான்றின்மேல் பட வேண்டும். 'இது எப்படித் தெரியும்?' என்ற கேள்வி அந்த வேலையிலிருந்தே பிறக்க வேண்டும். நம் சமூகத்துக்கு இன்னொரு நிபந்தனையும் தேவை: அந்தக் கைவேலை பிள்ளையைத் தன் குடும்பத்துக்கு வெளியே உள்ள உழைப்பின் பக்கம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்த இரண்டாம் நிபந்தனை ஏன் என்பதற்குத் தமிழகக் கல்வி வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது.

டூயியின் மாணவர்களும் பருத்தியும்

கைவேலையையும் வரலாற்றையும் இணைத்த முன்னோடிகளில் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயிக்குத் தனி இடமுண்டு. 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய சோதனைப் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், மரவேலை செய்தார்கள், நூற்றார்கள், நெய்தார்கள். 1899இல் வெளியான 'பள்ளியும் சமூகமும்' என்ற நூலில் அவர் விவரிக்கும் ஒரு நிகழ்ச்சி கல்வியியலில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. பிள்ளைகளிடம் பருத்திக் காயையும் ஆட்டு ரோமத்தையும் கொடுத்தார்கள். முப்பது நிமிடம் கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரித்துப் பார்த்தும் ஒரு குழுவுக்குக் கிடைத்தது ஓர் அவுன்சுக்கும் குறைவு. நம் கணக்கில் 28 கிராமுக்குள். கம்பளித் தொழில் முந்தியும் பருத்தித் தொழில் பிந்தியும் வளர்ந்ததன் காரணத்தை அவர்கள் தங்கள் விரல் நோவிலிருந்து கண்டுகொண்டார்கள். அங்கிருந்து கொட்டை நீக்கும் பொறியின் கண்டுபிடிப்புக்குப் பாடம் நகர்ந்தது.

இந்தப் பாடத்தின் அழகு மறுக்க முடியாதது. ஆனால் இதை அப்படியே எடுத்து வந்து நம் வீட்டுத் திண்ணையில் நடத்தினால் பிள்ளைக்குத் தவறான வரலாறு போய்ச் சேரும். இந்தியத் துணைக்கண்டத்தில் கதை வேறு. மெகர்கரில் செப்பு மணி ஒன்றில் ஒட்டியிருந்த பருத்தி இழைகள் கி.மு. ஆறாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை. மொகஞ்சதாரோவில் பருத்தித் துணியின் எச்சம் கிடைத்தது. சிகாகோப் பிள்ளைகளின் விரல் நொந்த அதே வேலை இங்கும் கடினமானதுதான்; ஆனாலும் இங்கே பருத்தி முந்திக்கொண்டது. அப்படியானால் கடினம் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. தட்பவெப்பம், மந்தைகள், கொட்டையைப் பிரிக்கும் எளிய கருவிகள், அந்த வேலையைச் செய்யக் கிடைத்த கைகள் என்று பலவற்றைச் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. கை சொன்னது உண்மை. கையால் சொல்ல முடியாததும் அதன் பக்கத்திலேயே இருந்தது. டூயியின் பாடத்தை நம் வீட்டில் நடத்தும் தாயோ தகப்பனோ இந்த இடத்தில் நிறுத்தி, 'இவ்வளவு கஷ்டமான வேலையை நம் ஊரில் யார் செய்தார்கள்?' என்று கேட்டால் பாடம் புதிதாகத் தொடங்கும்.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தொடர்ந்து போகலாம். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து கொட்டையோடு கூடிய பருத்தி ஒரு பை வாங்கி வருவது பெரிய காரியமில்லை. தலையணையிலிருந்து உருவிய இலவம்பஞ்சும் ஒரு பிடி வேண்டும். களிமண்ணில் சிறு வட்டு செய்து நடுவில் துளையிட்டுக் காயவைத்து, அதில் குச்சியைச் செருகினால் தக்களி ஆயிற்று. முதலில் இலவம்பஞ்சை நூற்கச் சொல்ல வேண்டும். அது வழுக்கும், அறுந்துபோகும், முறுக்கு ஏறாது. பிறகு பருத்தி. முதல் நாள் அதுவும் அறுந்துகொண்டேதான் இருக்கும். இரண்டொரு வாரத்தில் முடிச்சும் திரளுமாக ஏதோ ஒரு நூல் வரும். அப்போது கணக்குப் போட வேண்டும். ஐந்தரை மீட்டர் நீளமும் 1.15 மீட்டர் அகலமும் உள்ள சேலை. சென்டிமீட்டருக்குப் பாவிலும் ஊடையிலும் இருபது இழை என்று வைத்துக்கொண்டால், பாவுக்கு 2300 இழை, ஒவ்வொன்றும் ஐந்தரை மீட்டர். ஊடைக்கு 11000 இழை, ஒவ்வொன்றும் 1.15 மீட்டர். இரண்டும் தனித்தனியே 12650 மீட்டர். மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். ஒரு மணி நேரத்தில் 50 மீட்டர் நூற்கும் கை, நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால், ஒரு சேலைக்கான நூலுக்கே இரண்டு மாதம் ஆகும். நெசவு அதற்குப் பிறகு.

இந்தக் கணக்கைத் தானே போட்ட பிள்ளையிடம் கீழடி அருங்காட்சியகத்தில் உள்ள சுடுமண் தக்களிகளைக் காட்டினால் அது அவற்றைப் பார்க்கும் விதமே வேறு. புறநானூற்றில் சிறு விளக்கொளியில் பருத்தி வேலை செய்யும் பெண் ஒருத்தி வருகிறாள். அவளையும் இப்போது அறிமுகம் செய்யலாம். சோழர் கல்வெட்டுகளில் தறி இறை என்னும் வரி வருகிறது, கைக்கோளரும் சாலியரும் வருகிறார்கள். நெய்தவரைப் பற்றிப் பேசும் அளவுக்கு நூற்றவரைப் பற்றிக் கல்வெட்டுகள் பேசுவதில்லை. இருபத்தைந்து கிலோமீட்டர் நூலை நூற்றவள் ஆவணத்தில் ஏன் மெலிந்துபோனாள்? தறிக்கு வரி உண்டு, அதனால் தறி எழுத்தில் ஏறியது. வீட்டு மூலையில் சுற்றிய தக்களி அதே அளவில் ஏறவில்லை. ஆவணம் என்பது நடந்த எல்லாவற்றின் பதிவும் அல்ல, யாருக்கோ தேவைப்பட்டவற்றின் பதிவு என்பது பல்கலைக்கழகத்தில் முதுகலை வகுப்பில் சொல்லித்தரும் பாடம். பத்து வயதுப் பிள்ளை அதைத் தன் விரல் வழியாக வந்தடைய முடியும் என்பதே என் வாதம்.

1937உம் 1953உம்

இந்தியாவில் இந்த எண்ணம் புதியதன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டின் தொடர்ச்சியாக ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தின் மையமே கைத்தொழில்தான். நூற்பின் வழியே கணக்கும் நிலவியலும் உடையின் வரலாறும் வரவேண்டும் என்பது நோக்கம். தொழிலின் பொருளாதாரப் பயன் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடும் ஆபத்து உண்டென்று அக்குழுவே தன் அறிக்கையில் எச்சரித்தது. பல இடங்களில் அதுதான் நடந்தது. நூல் எத்தனை சிட்டம் என்று எண்ணினார்கள். நூலைப் பற்றிய கேள்வி எழவில்லை.

தமிழகத்தில் இதைவிடக் கனமான ஒரு நினைவு இருக்கிறது. 1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, பிள்ளை பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொண்டும் இருக்க வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அடையாளம் காட்டி எதிர்த்தார்கள். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். வீடு, கைவேலை, கல்வி ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் எவரும் தமிழகத்தில் இந்த வரலாற்றைத் தாண்டிப் போக முடியாது, போகவும் கூடாது. எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள் என்பது என் துணிபு. தகப்பனின் கை செய்த வேலையைப் பிள்ளையின் கையும் செய்யட்டும் என்பது சாதியின் ஆணை; அதற்குக் கல்வி என்ற பெயர் பொருந்தாது.

இதனால்தான் இரண்டாம் நிபந்தனையை முதலிலேயே சொன்னேன். வரலாற்றுக் கைவேலை குலக்கல்விக்கு நேர் எதிர்த்திசையில் போக வேண்டும். தலைமுறை தலைமுறையாக எழுதிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை களிமண்ணைப் பிசைய வேண்டும், பஞ்சின் கொட்டையை நீக்க வேண்டும். எழுத்து மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளையின் கையில் எழுத்தாணி வர வேண்டும், கல்வெட்டுப் படி வர வேண்டும். ஆண்பிள்ளை நூற்க வேண்டும். கையால் தொடும் வரலாறு இப்படித் தன் வீட்டு எல்லையைக் கடக்காவிட்டால், எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது முன்னோர் பெருமையின் கைவினைப் பதிப்பாக நின்றுவிடும்.

பரணில் உள்ள கல்வெட்டுகள்

சான்று வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் சமையலறைப் பரணைப் பார்க்கலாம். நம் வீடுகளில் பித்தளைக் குடம், செம்பு, தாம்பாளம், எவர்சில்வர் தூக்கு ஆகியவற்றில் பெயர் வெட்டுவது வழக்கம். பாத்திரக் கடை வாசலில் சிறு உளியும் சுத்தியுமாக உட்கார்ந்து புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியவர்கள் இருந்தார்கள். பிறகு மின்கருவி வந்தது, புள்ளிகள் கோடுகளாயின. இந்த எழுத்துகளைப் படி எடுப்பது ஒரு பிள்ளைக்கு அருமையான முதல் கல்வெட்டுப் பயிற்சி. மெல்லிய வெள்ளைத் தாளைப் பாத்திரத்தின் விளிம்பில் நகராமல் ஒட்டி, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கறுப்பில் வெள்ளை எழுத்து எழும்பும். கல்வெட்டுத் துறையினர் கல்லைத் துலக்கி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துக் குழியில் இறக்கி, மேலே மை ஒற்றி எடுக்கும் மைப்படியின் தத்துவமும் இதுவே. பிள்ளையை அழைத்துப் போய் உண்மையான கல்வெட்டில் இதைச் செய்யக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மையும் அனுபவமற்ற கையும் கல்லைக் கெடுத்துவிடும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றிப் படி எடுக்கவும் கூடாது. பரணில் இருப்பது நம்முடையது, அங்கே அச்சமில்லை.

படி எடுத்த தாள்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது கேள்விகள் தாமே வரும். ஒரே பாட்டியின் பெயர் ஒரு செம்பில் ஒரு தலைப்பெழுத்தோடும் இன்னொரு குடத்தில் வேறு தலைப்பெழுத்தோடும் இருக்கும்: ஒன்று பிறந்த வீட்டுச் சீர், மற்றொன்று மணமான பிறகு வாங்கியது. ஒரு தாம்பாளத்தில் நம் வீட்டில் யாருக்கும் இல்லாத பெயர் இருக்கும். அது உடையவர் பெயரன்று, கல்யாணத்துக்குக் கொடுத்தவர் பெயர். சிலவற்றில் நாள் இருக்கும், பலவற்றில் இருக்காது. நாள் இல்லாததை எழுத்து வெட்டிய முறையை வைத்து முன்பின் அடுக்கலாம், புள்ளி எழுத்து முந்தியது, கோட்டெழுத்து பிந்தியது என்று. இந்த ஒரு செயலில் எழுத்தமைதி கொண்டு காலம் கணிக்கும் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. பாத்திரத்தைச் செய்த கன்னாரின் பெயரோ பெயர் வெட்டியவரின் பெயரோ பெரும்பாலும் எதிலும் இராது. அதையும் பிள்ளை கவனிக்கும்படி செய்ய வேண்டும்.

இதன்பின் கீழடிக்கு வரலாம். 2014இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழகத் தொல்லியல் துறை ஏற்று நடத்துகிறது. நான்காம் கட்டத்தில் மட்டும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த 56 பானையோடுகள் கிடைத்தன. 'ஆதன்', 'குவிரன் ஆதன்' போன்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. எழுத்துகள் ஒரே கையினவாக இல்லை. பானையில் உள்ள பெயரை உடையவர் பெயர் என்று கொள்வது பொது வழக்கம். ஆனால் வீட்டுத் தாம்பாளத்தைப் படி எடுத்த பிள்ளை, 'கொடுத்தவர் பெயராகவும் இருக்கலாமே' என்று கேட்கும். நியாயமான கேள்வி. இருபதாம் நூற்றாண்டுப் பாத்திர வழக்கத்தைக் கொண்டு இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பானையை விளக்கிவிட முடியாதுதான். இன்றைய வழக்கம் சான்றாகாது, ஒரு விளக்கத்துக்கான வாய்ப்பை மட்டுமே தரும். அந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லும் பொறுப்பு பெரியவருடையது. ஆயினும் நிலைபெற்ற ஒரு விளக்கத்துக்கு மாற்று ஒன்றை முன்வைக்கத் தெரிந்த பிள்ளை, வரலாற்றுத் துறையின் வாசலுக்குள் கால் வைத்துவிட்டது.

வரலாற்றில் கேள்வியின் இந்த இடத்தை வலியுறுத்திய ஆங்கிலேய மெய்யியலாளர் ஆர். ஜி. காலிங்வுட் பதின்மூன்று வயது வரை வீட்டில் தந்தையிடமே கற்றவர். அவருடைய தந்தை ஓவியர், தொல்பொருள் ஆய்வாளர். ரோமானிய பிரிட்டன் பற்றிய அகழாய்வுகளில் பழகிய காலிங்வுட் பின்னர் வரலாற்றின் தருக்கத்தைக் கேள்வியும் விடையுமாக வகுத்தார்: எந்தக் கூற்றும் ஏதோ ஒரு கேள்விக்கு விடை, கேள்வி தெரியாமல் விடையைப் புரிந்துகொள்ள முடியாது என்றார். நம் வரலாற்றுப் பாடநூல்களின் சிக்கலை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாடநூற் கூற்றைச் சோதித்தல்

கைவேலையின் இன்னொரு பயன், கேட்டுப் பழகிய விளக்கங்களை உரசிப் பார்ப்பது. பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாததற்குக் காரணம் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது நாம் எல்லோரும் பள்ளியில் கேட்டது. சோதித்துப் பார்க்கத் தடையில்லை. பனையோலையை நறுக்கி, நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, கூர்மழுங்கிய கம்பியால் எழுதச் செய்யலாம். கீறல் முதலில் கண்ணுக்கே தெரியாது. விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்துத் தடவித் துடைத்ததும் எழுத்து தோன்றும் அந்தக் கணத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு புள்ளி குத்தச் சொல்லலாம். அழுத்தினால் ஓலை துளைபடும், நார் வழியே கீறும். மெதுவாக வைத்தால் துளைபடாமலும் இருக்கும். ஆக, பாடநூற் கூற்றுக்கு ஓரளவு ஆதரவு கிடைத்தது.

ஆனால் இங்கே நிறுத்தினால் அரைகுறை. கல் கிழியாது. இடைக்காலச் சோழர் கல்வெட்டுகளின் ஒளிப்படங்களைப் பார்த்தால் அங்கும் பெரும்பாலும் புள்ளி இல்லை. தொல்காப்பியமோ மெய்க்குப் புள்ளியை விதியாகவே சொல்கிறது. விதி தெரிந்திருந்தும், கிழியாத கல்லிலும் புள்ளி விடப்பட்டிருக்கிறது என்றால் ஓலையின் மென்மை ஒன்றே காரணமாகாது. எழுதுவோர் பழக்கம், படிப்போர் இடமறிந்து ஒலிக்கும் தேர்ச்சி ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தமிழெழுத்து வட்டமானது ஓலையால்தான் என்ற கூற்றையும் இதே போலச் சோதிக்கலாம். ட, ப என்ற இரண்டு எழுத்துகளை எழுதச் சொன்னாலே பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிடும்.

செய்து பார்த்தல் எதை நிறுவும், எதை நிறுவாது என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 1947இல் தோர் ஹெயர்டால் கோன்-டிக்கி என்ற கட்டுமரத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு 101 நாளில் பசிபிக் தீவுகளை அடைந்தார். பயணம் நடக்கக்கூடியது என்று நிறுவினார். பாலினீசியத் தீவுகளில் மக்கள் குடியேறியது தென்னமெரிக்காவிலிருந்து என்ற அவர் கருத்தை மட்டும் மொழியியலும் தொல்லியலும் மரபியலும் ஏற்கவில்லை. குடியேற்றம் மேற்கிலிருந்து, ஆசியப் பக்கமிருந்து வந்தது. முடியும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. வீட்டில் எந்தச் செய்முறையை முடித்தாலும் பிள்ளையின் குறிப்பேட்டில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி இருப்பது நல்லது.

குடத்தில் யார் பெயர்?

நடித்துக் காட்டும் செயல்களில் நம் பள்ளிகளும் வீடுகளும் அதிகம் விரும்புவது குடவோலைத் தேர்தல். பானையில் சீட்டுப் போட்டு எடுத்து, சோழர் காலத்திலேயே மக்களாட்சி இருந்தது என்று முடிப்பார்கள். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, பார்ப்பவர்க்குப் பெருமிதம். இதே செயலைக் கல்வெட்டை அருகில் வைத்துக்கொண்டு செய்தால் முடிவு வேறாக வரும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலிருந்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன அமைந்தன. பெயர் எழுதப்படுவதற்கான தகுதிகள் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளன: வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள், வேத அறிவு வேண்டும், அண்மையில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் விலக்கு. இப்போது பிள்ளை வீட்டில் உள்ளவர்கள், தெருவில் உள்ளவர்கள் பெயர்களைச் சீட்டில் எழுதி, ஒவ்வொரு தகுதியாகச் சொல்லிச் சொல்லி நீக்கட்டும். அம்மா போய்விடுவார், அத்தையும் பாட்டியும் போய்விடுவார்கள். தாத்தாவுக்கு எழுபத்திரண்டு, போய்விட்டார். அப்பா வாடகை வீட்டில் இருக்கிறார். மாமாவுக்குச் சொந்த வீடு உண்டு, நிலம் இல்லை. எதிர்வீட்டுக்காரருக்கு நிலமும் வீடும் உண்டு, வேதம் தெரியாது. குடத்தில் போட ஒரு சீட்டும் மிஞ்சாத வீடுகளே அதிகமாக இருக்கும்.

இதனால் உத்திரமேரூர்க் கல்வெட்டின் மதிப்பு குறைந்துவிடாது. கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவர் சுற்றத்தையும் விலக்கியது, சூதறியாத சிறுவனைக் கொண்டு சீட்டெடுக்கச் செய்தது, ஒரே ஆள் தொடர்ந்து பதவியில் இருப்பதைத் தடுத்தது ஆகியவை இன்றும் வியக்கத் தக்கவை. அது ஒரு பிரமதேய ஊரின் சபை, நிலமுடைய அந்தணர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு என்ற முழு உண்மையோடு அதை வியக்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டையும் தாங்கும் மனம் உண்டு. பெருமிதம் ஒன்றையே ஊட்டும்போது நாம்தான் அதன் அறிவைக் குறைத்து எடைபோடுகிறோம்.

வீட்டின் ஆபத்து

வீட்டில் வரலாறு கற்பிப்பதில் பள்ளியில் இல்லாத ஓர் ஆபத்து இருக்கிறது: மறுத்துப் பேச ஆளில்லை. வகுப்பில் நாற்பது வீட்டுப் பிள்ளைகள் நாற்பது கதைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டிலோ ஒரே குலதெய்வம், ஒரே உறவுமுறை, ஒரே பெருமை. எங்கள் முன்னோர் இன்ன நாட்டை ஆண்டவர்கள் என்று சொல்லும் சாதிச் சங்கப் புத்தகங்கள் கடையில் கிடைக்கின்றன. பிள்ளையின் முதல் வரலாற்று நூலாக அவை அமைந்துவிடுவதை நான் கவலையோடு பார்க்கிறேன்.

இதற்கு மருந்து, குடும்பச் செய்தி எதையும் இரண்டு சாட்சி இல்லாமல் குறிப்பேட்டில் ஏற்றாதிருப்பது. அதில் ஒரு சாட்சி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். தனுஷ்கோடிப் புயல் பற்றிப் பாட்டி சொல்வதைப் பிள்ளை அவர் சொல்லும்படியே எழுதிக்கொள்ளட்டும். புயல் அடித்தது 1964 டிசம்பர் 22, 23 இரவு. அன்றைய நாளிதழ் என்ன சொன்னது என்று நூலகத்தில் தேடட்டும். அறுபதுகளின் அரிசித் தட்டுப்பாட்டைப் பற்றித் தாத்தாவிடம் கேட்ட பிறகு, அதே காலத்தில் கூலிவேலை செய்த ஒருவரிடமும் கேட்கட்டும். இரண்டு நினைவுகளும் ஒன்றாக இராது. ஒரு வீட்டில் அரிசி கிடைக்கவில்லை என்பது கோதுமைச் சோறு தின்ற கதையாக இருக்கும். இன்னொரு வீட்டில் பட்டினி கிடந்த கதையாக இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் பழைய இதழ்களும் நூல்களும் எல்லோருக்கும் எட்டும்படி உள்ளன. பெற்றோர் வரலாறு படித்தவராக இருக்க வேண்டியதில்லை. தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லிப் பிள்ளையோடு சேர்ந்து தேடும் மனம் போதும்.

காலக் கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வீட்டுக் கல்விக்கு வழிகாட்டிய சார்லட் மேசன் வழிவந்த பிள்ளைகள் நூற்றாண்டுக்கு ஒரு பக்கமாகக் குறிப்பேடு வைத்துக்கொண்டார்கள். நம் தெருவுக்குக் கயிறு பொருத்தம். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால் கீழடியின் கி.மு. ஆறாம் நூற்றாண்டு ஏறத்தாழ இருபத்தாறு மீட்டர் தள்ளி நிற்கும், பெரிய கோயில் பத்து மீட்டரில் வரும், இந்திய விடுதலை ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கயிற்றின் நடுவே எதுவும் கட்டப்படாத நீண்ட இடங்களைப் பிள்ளை கேட்காமல் விடாது.

பள்ளிகளிடமும் தேர்வு வாரியங்களிடமும் ஒரு வேண்டுகோள். செயல்திட்டத்துக்கு மதிப்பெண் இடும்போது உருவத்தின் அழகுக்கு இடும் எண்ணை நிறுத்திவிட்டு, பிள்ளை தன் கையால் எழுதிய இரண்டு பக்கக் குறிப்புக்கு இடுங்கள்: எந்தச் சான்றைப் பார்த்தது, அதிலிருந்து எதை ஊகித்தது, எது விளங்காமல் நின்றது. 'இந்தச் சான்று இவ்வளவுதான் சொல்கிறது, மேலே தெரியவில்லை' என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். பெற்றோர்க்கும் ஒன்று: பழைய பித்தளையை எடைக்குப் போடும் முன் பிள்ளையைக் கூப்பிட்டு, அதிலுள்ள பெயர்களைப் படி எடுக்கச் சொல்லுங்கள். தாளின் பின்புறம் நாளையும், பாத்திரம் யாரிடமிருந்து வந்தது என்பதையும், அதைச் சொன்னவர் பெயரையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.